அளவீட்டுத் தடங்களை நிலப்படத்தில் நெளிகோடுகளாக வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலிலோ விமானத்திலோ எடுத்த காந்த, ஈர்ப்பு அளவீடுகளைக் கட்டளைவரி மென்பொருளால் நிலப்படத்தில் வரையத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாக எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கட்டளைகளிலும் தெரிவுகளிலும் வரும் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘இசட் தெரிவு’ என்று படிக்கும்போது, விசைப்பலகையில் இடைக்கோட்டை அடுத்து அந்த எழுத்தைத் தட்ட வேண்டும் என்று கொள்க. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பொருள் வேறு. எது வேண்டும் என்று தனியே சொல்லாத இடங்களில் பெரிய எழுத்தே குறிக்கப்படுகிறது.

தடத்தின் வழியே தரவை வரைவது என்றால் என்ன?

கப்பல் சென்ற பாதையை நிலப்படத்தில் ஒரு கோடாக வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டையே அச்சாக வைத்து, ஒவ்வோர் அளவீட்டுப் புள்ளியிலும் அங்கு கிடைத்த மதிப்புக்கு ஏற்ற நீளத்தில் கோட்டுக்குச் செங்குத்தாக விலகிச் சென்று, அந்த முனைகளை எல்லாம் இணைத்தால் ஒரு நெளிகோடு கிடைக்கும். நேர்மதிப்புகள் தடத்தின் ஒரு பக்கமும் எதிர்மதிப்புகள் மறு பக்கமும் விழும். நேர்மதிப்புப் பகுதிக்கு மட்டும் நிறம் தீட்டுவது வழக்கம். அப்படித் தீட்டிய கரும்பட்டைகள் அடுத்தடுத்த தடங்களில் ஒன்றோடொன்று நேராக அமைகின்றனவா என்பதைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

வண்ணக் கட்டப்படம் எளிதாகக் கிடைக்கும்போது நெளிகோடு எதற்கு?

கட்டப்படம் என்பது அளந்த புள்ளிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைக் கணிப்பால் நிரப்பிய படம். அளந்தது எது, நிரப்பியது எது என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு தடங்களுக்கு இடையே 40 கிலோமீட்டர் இடைவெளி இருந்தால், தடத்தின் வழியே சில நூறு மீட்டருக்கு ஒரு முறை அளந்த நுட்பமெல்லாம் கட்டத்தில் கரைந்துபோய், தடங்களுக்குக் குறுக்கே இல்லாத மேடு பள்ளங்கள் தோன்றிவிடும். நெளிகோட்டில் அப்படி நேராது. எங்கே கப்பல் சென்றதோ அங்கே மட்டும் கோடு இருக்கும். செல்லாத இடம் வெற்றாகவே இருக்கும்.

ஒரே ஒரு தடம் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்குக் கடலடி ஆய்வின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1963இல் புவியியற்பியலாளர்களான வைன், மேத்யூஸ் இருவரும் நடுக்கடல் முகடுகளின் இருபுறமும் உள்ள காந்தப் பிறழ்வுகளை (எதிர்பார்க்கும் புலத்திலிருந்து அளவீடு விலகும் அளவுகளை) கடலடி விரிவோடும் புவிக்காந்தத் தலைகீழ் மாற்றங்களோடும் இணைத்து விளக்கினர். 1966இல் பிட்மன், ஹெயர்ட்ஸ்லர் இருவரும் வெளியிட்ட ‘எல்டானின் 19’ காந்தத் தடம் (எல்டானின் என்ற ஆய்வுக்கப்பலின் 19ஆம் பயணத்தில் எடுத்தது), பசிபிக்–அண்டார்க்டிக் முகட்டின் குறுக்கே சென்ற ஒற்றைத் தடம்தான். அதன் நெளிகோட்டையும் அதையே இடவலமாகத் திருப்பிய வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தன. அந்த ஒப்புமையைக் காட்ட வண்ணக் கட்டப்படம் எதுவும் தேவைப்படவில்லை. எனவே கட்டப்படம் வேண்டும் என்றாலும், முதலில் தடங்களை நெளிகோடுகளாக வரைந்து பார்த்த பிறகே கட்டம் அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

இந்தப் பக்கம் முழுவதும் ஜிஎம்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜெனரிக் மேப்பிங் டூல்ஸ் தொகுப்பை வைத்தே எழுதப்பட்டுள்ளது. பால் வெசல், வால்ட்டர் ஸ்மித் இருவரும் 1980களின் இறுதியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமாண்ட்–டோஹர்ட்டி ஆய்வகத்தில் மாணவர்களாக இருந்தபோது இதைத் தொடங்கினர். கட்டற்ற மென்பொருளாக இன்றுவரை வளர்க்கப்பட்டு வருகிறது. 2019இல் வந்த 6ஆம் பதிப்பின் எழுதுமுறையையே இங்கே பின்பற்றுகிறேன். பைத்தானில் எழுதப் பழகியவர்கள் பைஜிஎம்டி வழியாக இதே கருவிகளை அழைக்கலாம்.

சுட்டியால் சொடுக்கி வரையும் மென்பொருள்களில் ஒரு படத்தை அழகாக முடித்துவிடலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே அளவுகோலில் இன்னொரு பயணத்தின் தரவை வரைய வேண்டி வந்தால், அன்று எந்தப் பட்டியில் எதைத் தேர்ந்தோம் என்பது நினைவில் இருக்காது. கட்டளைக் கோப்பில் ஒவ்வொரு முடிவும் எழுத்தாக நிற்கும்.

தரவுக் கோப்பு எப்படி இருக்க வேண்டும்?

வெறும் எழுத்துக் கோப்பு போதும். ஒவ்வொரு வரியிலும் நெட்டாங்கு, அகலாங்கு, அளவிட்ட மதிப்பு என்ற வரிசையில் மூன்று எண்கள், வெற்றிடத்தாலோ தாவல் குறியாலோ காற்புள்ளியாலோ பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நெட்டாங்கு முதலில் வரவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஏனெனில் பேச்சில் அகலாங்கைத்தான் முதலில் சொல்லிப் பழகியிருக்கிறோம். கோப்பில் அகலாங்கு முதலில் இருந்தால், இடைக்கோட்டை அடுத்து முக்காற்புள்ளி இடும் தெரிவு இரண்டையும் மாற்றிப் படிக்கச் செய்யும்.

கோப்பில் நேரம், ஆழம், வேகம் எனப் பல நெடுவரிசைகள் இருந்தால் சிறிய ஐ தெரிவால் வேண்டியவற்றை மட்டும் எடுக்கலாம். ஜிஎம்டி நெடுவரிசைகளைச் சுழியத்திலிருந்து எண்ணும். முதல் நெடுவரிசை 0, ஐந்தாவது 4. இந்த ஓர் எண் பிசகினால் காந்தப்புலத்துக்குப் பதிலாக நீரின் ஆழம் நெளிகோடாக வரையப்படும், பார்ப்பதற்கு அதுவும் இயல்பாகவே தோன்றும் என்பதால் பிழை நெடுநாள் கண்ணில் படாமல் போகக்கூடும்.

தரவு இல்லாத இடத்தில் 99999 போன்ற நிரப்பெண்களை இடும் பழக்கம் பழைய கோப்புகளில் உண்டு. அவற்றை அப்படியே வரைந்தால் நெளிகோடு படத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். சிறிய டி (ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து), சிறிய ஐ ஆகிய இரண்டையும் சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்தால், மென்பொருள் அதை ‘எண் அல்லாதது’ என்று கொள்ளும்.

கடல்சார் தரவு பலவும் எம்ஜிடி77 என்ற பரிமாற்ற வடிவத்தில் கிடைக்கும். அதைப் படித்து வேண்டிய நெடுவரிசைகளைப் பிரித்துத் தரும் எம்ஜிடி77லிஸ்ட் என்ற கருவி ஜிஎம்டியின் துணைத் தொகுப்பிலேயே இருக்கிறது.

முதல் படத்துக்கு எத்தனை கட்டளைகள் தேவை?

நான்கைந்து போதும். ‘ஜிஎம்டி பிகின்’ என்று தொடங்கிப் படத்தின் பெயரையும் வடிவத்தையும் கொடுக்க வேண்டும். வடிவம் சொல்லாவிட்டால் பிடிஎஃப் கோப்பு உருவாகும். அடுத்து கடற்கரையை வரையும் ‘கோஸ்ட்’ கட்டளையில் ஆர் தெரிவால் மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு எல்லைகளையும், ஜே தெரிவால் வீழலையும் (உருண்டையான புவியைத் தட்டைத் தாளில் காட்டும் முறை) படத்தின் அகலத்தையும் தருகிறோம். ஜே, எம், 15, சிறிய சி என்று சேர்த்து எழுதினால் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள மெர்கேட்டர் படம். பி தெரிவு சட்டத்தையும் அளவுக்குறிகளையும் தரும். அதன்பின் நெளிகோட்டை வரையும் ‘விகிள்’ கட்டளை. இறுதியில் ‘ஜிஎம்டி எண்ட் ஷோ’ என்று முடித்தால் படம் திறந்துகொள்ளும்.

தரவின் எல்லைகள் தெரியாவிட்டால் முதலில் ‘ஜிஎம்டி இன்ஃபோ’ கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் சிறும, பெரும மதிப்புகளையும் அது சொல்லிவிடும். எந்தக் கோப்பையும் இப்படிப் பார்க்காமல் நான் வரைவதில்லை.

‘விகிள்’ கட்டளையில் டபிள்யூ தெரிவு நெளிகோட்டுக்கான பேனாவையும், ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தான டி தெரிவு தடத்துக்கான பேனாவையும், ஜி தெரிவு நிறத்தையும் குறிக்கும். மூன்றில் ஒன்றாவது கட்டாயம் வேண்டும், இல்லையேல் வரைவதற்கு எதுவுமில்லை என்று மென்பொருள் மறுத்துவிடும்.

எல்லா நெளிகோடுகளும் தடத்தைவிட்டு வெகுதூரம் ஒரே பக்கமாகத் தள்ளி விழுகின்றன. ஏன்?

பிறழ்வுக்குப் பதிலாக முழுப்புலத்தை வரைந்திருக்கிறீர்கள். புவிப்பரப்பில் காந்தப்புலத்தின் மொத்தச் செறிவு இடத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கும். நாம் தேடும் கடலடிப் பிறழ்வுகளோ பெரும்பாலும் சில நூறு நானோடெஸ்லாக்கள்தான். ஈர்ப்பிலும் அப்படியே. மொத்த மதிப்பு 9,78,000 மில்லிகாலுக்கும் மேல், பிறழ்வு சில பத்துகளோ சில நூறுகளோ.

விரைவாகப் பார்த்துக்கொள்ள, சி தெரிவில் ஒரு நடுமதிப்பைக் கொடுத்தால் அதைக் கழித்துவிட்டு வரையும். குறுகிய பரப்பில் இது பயன்படும். ஆனால் தடம் பல பாகைகள் வடக்கு தெற்காக நீண்டால் புவியின் முதன்மைப் புலமே படிப்படியாக மாறிக்கொண்டு போவதால், ஒற்றை எண்ணைக் கழிப்பது தடத்தின் ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தவறாகவும் அமையும். அங்கே ஐஜிஆர்எஃப் என்னும் பன்னாட்டுப் புவிக்காந்த மாதிரியின் மதிப்பை, அளவெடுத்த நாளுக்கும் இடத்துக்கும் உரியதாகக் கணித்து, புள்ளிக்குப் புள்ளி கழிக்க வேண்டும். முதன்மைப் புலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் நாளைத் தவறவிடக் கூடாது.

நெளிவின் உயரத்தை எப்படித் தீர்மானிப்பது?

இசட் தெரிவில் தரும் எண், தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை தரவலகுகள் என்பதைக் குறிக்கிறது. 500 என்று கொடுத்து நீள அலகாகச் சென்டிமீட்டரைச் சேர்த்தால், 500 நானோடெஸ்லா பிறழ்வு ஒரு சென்டிமீட்டர் உயரமாக நிற்கும். எண்ணைக் கூட்டினால் நெளிவு சிறுக்கும், குறைத்தால் பெருகும். நெளிவைப் பெரிதாக்க எண்ணையும் பெரிதாக்குவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் பிழை.

தொடக்க மதிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே தாளில் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான பெரிய பிறழ்வு ஒன்று அந்தத் தூரத்தை ஏறக்குறைய எட்டும்படி வைத்தால் படம் படிக்கத் தக்கதாக இருக்கும். தடங்கள் தாளில் 0.8 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து, பிறழ்வுகள் 400 நானோடெஸ்லா வரை எழுந்தால், 500 பொருந்தும். சில உச்சிகள் அடுத்த தடத்தின் மேல் ஏறுவதால் கெடுதல் இல்லை. ஒப்பிட வேண்டிய படங்கள் பல இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைப்பது கட்டாயம். டி என்று ஒலிக்கும் தெரிவுகள் ‘விகிள்’ கட்டளையில் இரண்டு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தைத் தட்டினால் நெளிவின் அளவைக் காட்டும் அளவுக்கோடு வரும், இருபதாம் எழுத்தைத் தட்டினால் தடம் வரும். தமிழில் இரண்டும் ஒரே ஒலியாக எழுதப்படுவதால் கவனம் தேவை. அளவுக்கோடு இல்லாத நெளிகோட்டுப் படத்திலிருந்து யாரும் எந்த மதிப்பையும் படிக்க முடியாது.

ஒரு தடத்தில் நேர்மதிப்பு வடக்கே விழுகிறது, அடுத்த தடத்தில் தெற்கே விழுகிறது. தரவு தவறா?

தரவு சரியாகவே இருக்கலாம். கப்பல் கிழக்கே போய், திரும்பி மேற்கே வந்திருக்கும். நெளிகோட்டின் பக்கம் தடத்தின் செல்திசையைப் பொறுத்தே அமைவதால், செல்திசை தலைகீழானால் நேர்மதிப்பின் பக்கமும் மாறிவிடும். புல் வெட்டுவதுபோல் போய்த் திரும்பி எடுத்த அளவீட்டில் ஒன்றுவிட்டு ஒன்று எல்லாத் தடங்களும் இப்படித் திரும்பி நிற்கும்.

இதற்கு ஏ தெரிவு இருக்கிறது. அதில் வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளந்த ஒரு திசைக்கோணத்தைக் கொடுத்தால், நேர்மதிப்புப் பக்கம் அந்தத் திசைக்கு இருபுறமும் 90 பாகைக்குள் இருக்கும்படி மென்பொருள் திருப்பிக்கொள்ளும். கிழக்கு மேற்கான தடங்களுக்கு 0 கொடுத்தால் எல்லா நேர்மதிப்புகளும் வடக்கே விழும். வடக்கு தெற்கான தடங்களுக்கு 90 ஏற்றது. நீங்கள் கொடுக்கும் கோணம் தடங்களுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. தடத்துக்கு இணையான கோணத்தைக் கொடுத்துவிட்டால், கப்பல் அலையில் ஒன்றிரண்டு பாகை அசைந்ததற்கெல்லாம் பக்கம் மாறி மாறி விழுந்து, படம் முன்பைவிட மோசமாகும்.

பெரிய ஐ தெரிவு இதிலிருந்து வேறுபட்டது. அது தடத்தின் திசையையே கணக்கில் எடுக்காமல், நீங்கள் சொன்ன ஒரே திசையில் எல்லா நெளிவுகளையும் வரையும். வளைந்து நெளிந்து செல்லும் தடத்தில், திருப்பங்களில் நெளிவுகள் விசிறியாக விரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழுவதை இது தடுக்கும்.

நேர்மதிப்பையும் எதிர்மதிப்பையும் வெவ்வேறு நிறத்தில் காட்டலாமா?

காட்டலாம். பெரிய ஜி தெரிவை இரண்டு முறை எழுதி, ஒன்றின் இறுதியில் கூட்டல் குறியும் சிறிய பி எழுத்தும், மற்றதில் கூட்டல் குறியும் சிறிய என் எழுத்தும் சேர்க்க வேண்டும். முன்னது நேர்மதிப்பு, பின்னது எதிர்மதிப்பு. தடங்கள் நெருக்கமான படத்தில் இரண்டு நிறமும் கலந்து குழப்பும் என்பதால், நேர்மதிப்பு மட்டும் அடர்சாம்பலாக இருப்பதையே நான் விரும்புகிறேன்.

தரவு இல்லாத இடத்தின் குறுக்கே நீண்ட நேர்கோடு வருகிறது. எப்படி நீக்குவது?

கருவியைப் பழுதுபார்க்க நிறுத்தியிருப்பார்கள், அல்லது கப்பல் துறைமுகத்துக்குப் போய் வந்திருக்கும். கோப்பில் வரிகள் தொடர்ந்து இருப்பதால், கடைசிப் புள்ளியையும் அடுத்த புள்ளியையும் மென்பொருள் இணைத்துவிடுகிறது. அப்படி இணைத்த கோடு, அளக்காத இடத்தை அளந்ததாகக் காட்டுகிறது. நெளிகோட்டின் முதன்மையான நன்மையே இதனால் கெட்டுப்போகிறது.

சிறிய ஜி தெரிவால் இடைவெளிக்கு ஒரு வரம்பு விதிக்கலாம். அதை அடுத்து நான்காம் எழுத்தான சிறிய டி, 10, சிறிய கே என்று சேர்த்தால், 10 கிலோமீட்டருக்கு மேல் விலகிய இரு புள்ளிகளுக்கு இடையே கோடு அறுபடும். அங்கே பெரிய டி இட்டால் தூரம் தாளில் அளக்கப்படும். நிலத்தூரத்தை வைத்து விதிப்பதே நல்லது, ஏனெனில் படத்தின் அளவை மாற்றினாலும் அது மாறாது. வரம்பைத் தேர்வதற்கு முன், ‘மேப்ப்ராஜெக்ட்’ கட்டளையின் ஜி தெரிவால் தொடர்தூரத்தைக் கணித்து, வழக்கமான புள்ளி இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு என்பது நான் பின்பற்றும் அளவு.

நீங்களே கோப்பைத் துண்டுகளாகப் பிரிக்கவும் செய்யலாம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ‘விடப் பெரியது’ என்ற கணிதக் குறியுடன் தொடங்கும் ஒரு வரியை இட்டால், ஜிஎம்டி அதைப் புதிய துண்டாகவே எடுத்துக்கொள்ளும்.

திருப்பங்களையும் துறைமுகப் பயணங்களையும் எப்படி விலக்குவது?

‘ஸ்ப்ளிட்’ கட்டளை இதற்கென்றே இருக்கிறது. சி தெரிவில் கொடுத்த பாகைக்கு மேல் செல்திசை மாறினால் துண்டை அங்கேயே முடிக்கும். நான்காம் எழுத்தான டி தெரிவு, குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த துண்டுகளை ஒதுக்கும். ஏ தெரிவு ஒரு திசையையும் அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையும் பெற்று, அத்திசையில் சென்ற துண்டுகளை மட்டும் தரும். ஜிபிஎஸ் காலத்துக்கு முந்தைய தரவில் இடக்குறிப்பே தள்ளாடும் என்பதால், கட்டளை ஒவ்வொரு தள்ளாட்டத்தையும் திருப்பமாக எண்ணிக் கோப்பைப் பொடியாக்கிவிடும். அப்போது எஃப் தெரிவால் முதலில் வடிகட்ட வேண்டும்.

வரைவதற்கு முன் தரவை வடிகட்டலாமா?

மூலத் தரவை ஒருமுறையாவது அப்படியே வரைந்து பாருங்கள். அதன்பின் ‘ஃபில்டர்1டி’ கட்டளையை எடுக்கலாம். தனித்தனியாகத் துள்ளி நிற்கும் தவறான மதிப்புகளுக்கு இடைநிலை வடிகட்டி (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை எடுப்பது) ஏற்றது, ஏனெனில் ஒற்றைத் துள்ளல் இடைநிலை மதிப்பைப் பெரிதும் அசைக்காது. எடையிட்ட சராசரி எடுக்கும் காஸ் வடிகட்டியில் அதே துள்ளல் பரவி, உண்மையான பிறழ்வைப் போன்ற ஒரு மேடாக உருமாறும். எனவே துள்ளலை இடைநிலையால் நீக்கியபின் காஸால் மென்மையாக்குவதே முறை. வடிகட்டியின் அகலத்தில் பாதியளவு தரவு இரு முனைகளிலும் விடுபடும். இ தெரிவு முனைகளைத் தக்கவைக்கும், ஆனால் அங்குள்ள மதிப்புகளை அதே நம்பிக்கையோடு படிக்கக் கூடாது.

வடிகட்டியின் அகலத்தைப் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

இரண்டு தடங்கள் வெட்டும் இடத்தில் மதிப்புகள் ஒத்துவரவில்லையே?

நெளிகோட்டுப் படத்தின் மிகப் பெரிய பயன்களுள் ஒன்று, இந்த முரண் கண்ணுக்குத் தெரிவது. கட்டப்படத்தில் இது மங்கலான கோடாகவோ புள்ளியாகவோ மறைந்துவிடும். காரணங்கள் பல. காந்தத்தில், சூரியனால் நாள்தோறும் ஏற்படும் மாற்றம் அமைதியான நாளிலேயே சில பத்து நானோடெஸ்லா வரை இருக்கலாம். காந்தப்புயலில் இன்னும் மிகுதி. கப்பலின் இரும்பும் தன் பங்குக்குச் செல்திசைக்கு ஏற்பப் பிழையைச் சேர்க்கும். அதனால்தான் உணரியைக் கப்பலின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு பின்னே இழுத்துச் செல்கிறார்கள். அந்தப் பின்தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் கப்பலின் இடத்தையே உணரியின் இடமாக எழுதினால், எதிரெதிராகச் சென்ற தடங்களில் பிறழ்வுகள் பல்வரிசைபோல் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்.

கப்பலில் அளந்த ஈர்ப்பில் எட்வெஷ் திருத்தம் முதன்மையானது. கிழக்கே செல்லும் கப்பல் புவிச்சுழற்சியோடு சேர்ந்து வேகமாகச் சுழல்வதால் அதில் அளந்த ஈர்ப்பு குறையும், மேற்கே சென்றால் கூடும். நிலநடுக்கோட்டில் 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) வேகத்தில் நேர்கிழக்கே சென்றால் திருத்தம் சுமார் 75 மில்லிகால். அதே வேகத்தில் மேற்கே திரும்பினால் ஏறத்தாழ அதே அளவு எதிர்க்குறியில். கிழக்குமேற்கு வேகத்தில் 0.1 நாட் பிழை இருந்தாலே 0.75 மில்லிகால் தவறிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தால், இடக்குறிப்பு துல்லியமில்லாத பழைய பயணங்களின் ஈர்ப்புத் தடங்கள் ஏன் ஒத்துவருவதில்லை என்பது விளங்கும்.

வெட்டுப்புள்ளி முரண்களை எண்களாகப் பெற ‘எக்ஸ்2சிஸ்’ தொகுப்பு உதவும். அதன் ‘கிராஸ்’ கட்டளை வெட்டுப்புள்ளிகளையும் அங்குள்ள வேறுபாடுகளையும் கண்டுபிடிக்கும், ‘சால்வ்’ கட்டளை தடவாரியான திருத்தங்களைக் கணிக்கும். ஆனால் காரணம் அறியாமல் முரண்களை மட்டும் பங்கிட்டுச் சரிக்கட்டுவது, பிழையைத் தடங்கள் முழுவதும் பரப்புவதாகிவிடும். பெரிய முரண் உள்ள தடங்களைத் தனியே வரைந்து, எந்த இடத்திலிருந்து விலகத் தொடங்குகிறது என்று பார்ப்பதற்கு ஈடான வழி இல்லை.

பழைய கட்டளைக் கோப்புகளில் ‘பிஎஸ்விகிள்’ என்று இருக்கிறதே?

அது முந்தைய எழுதுமுறையில் இதே கட்டளையின் பெயர். 6ஆம் பதிப்பிலும் அந்த முறை இயங்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டளையின் வெளியீட்டையும் கோப்போடு சேர்ப்பதற்கு ஓ, கே தெரிவுகளை நீங்களே பார்த்து இட வேண்டும். சில தெரிவுகளின் எழுத்துகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளன. ஆகவே பழைய கோப்பை அப்படியே ஓட்டும் முன் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தடம் 180 பாகை நெட்டாங்கைக் கடக்கிறது. படம் சிதறுமா?

புவி ஆயங்களில் நெட்டாங்கு சுழற்சியானது என்று ஜிஎம்டி அறியும். எல்லையை 170 முதல் 190 வரை என்று கொடுத்தால் போதும். கோப்பில் எதிர்க்குறி நெட்டாங்குகள் இருந்தாலும் உரிய இடத்திலேயே விழும். நீங்கள் சொந்தமாக எழுதிய நிரலில் நெட்டாங்கைச் சராசரி எடுத்தாலோ இடைச்செருகினாலோதான் 179.9க்கும் எதிர் 179.9க்கும் நடுவே சுழியம் வந்து, புள்ளி உலகின் மறுபக்கத்துக்குத் தாவிவிடும்.

பின்னணியில் கடலடி உயரப்படத்தை இடலாமா?

இடலாம், ‘ஜிஆர்டிஇமேஜ்’ கட்டளையை ‘விகிள்’ கட்டளைக்கு முன்னே எழுத வேண்டும். பின்னே எழுதினால் நெளிகோடுகளை மூடிவிடும். வெளிர்நிறங்களையே தேர்ந்துகொள்ளுங்கள். முகட்டின் உச்சிக்கோடும் முறிவு மண்டலங்களும் (முகட்டைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பிளவுகள்) தெரிந்தால் போதும். காந்தப்பட்டைகள் முறிவு மண்டலத்தைத் தாண்டும்போது பக்கவாட்டில் விலகி நிற்பதை அந்தப் பின்னணியில் நேராகவே பார்க்கலாம்.